உங்களுக்குத் தெரியுமா? வெட்டிய இரும்புக்கு ஈடு

பிரஷர் வெசலில், அதாவது அழுத்தக் கலனில், குழாய் பொருத்த ஓட்டை போட்டால், உருளைத் தகட்டில் அந்த ஓட்டையின் ஓரத்தில் தகைவு ஏறக்குறைய 2.5 மடங்காக எகிறும். அதனால் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதிநூல் கறாராகக் கணக்குக் கேட்கிறது: அழுத்தம் தாங்கத் தேவையான தகட்டில் வெட்டியெடுத்த குறுக்குப் பரப்பை ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஈடுகட்ட வேண்டும். தகட்டிலும் குழாயிலும் உள்ள உபரித் தடிமனும் வெல்டிங்கும் இதில் சேரும். போதாவிட்டால் சுற்றிலும் ஒரு வளையத் தகடு, அதாவது ‘பேட்’. தூரத்தில் வைத்த இரும்பு கணக்கில் வராது.

பேடில் சுண்டுவிரல் நுழையாத ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே காற்றடித்து, வெல்டிங்கில் சோப்பு நீர் தடவுவார்கள். குமிழி வந்தால் கசிவு. பின்னாளில் பேடுக்கு அடியில் கசிந்தாலும் அந்தத் துளைதான் காட்டிக்கொடுக்கும். தயவுசெய்து அதை வெல்டு வைத்து அடைக்காதீர்கள்.