பத்து மாதம் கழித்துத் துக்கம் கேட்கப் போனோம்

"இத்தனை நாள் கழிச்சுப் போய் நின்னா, அவ மூஞ்சியை எப்படிடீ பார்ப்பேன்?"

என் மாமியார் இப்படிக் கேட்டது 2022 பிப்ரவரியில். மாயவரத்தில் இருந்த அவருடைய ஒரே தம்பி 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் தவறிப்போனார். சேதி வந்தபோது நாவலூரில் நாங்கள் வீட்டை விட்டு இறங்கவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பதிவு, சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாம் இருந்தது. ஆனால் அதெல்லாம் சாக்குதான். பதிவு செய்தால் கிடைத்திருக்கும். "அத்தைக்கு 67 வயசு, மாமாவுக்கு 73, ரெண்டு பேருக்கும் சர்க்கரை. போகவே கூடாது" என்று தடுத்தோம். தடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று மாமியார் பால்கனியில் நின்று தனியாக அழுதார். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம் வீடு அடங்கிப்போயிற்று. மாமா தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினம் ஏரிக்கரை வரை நடந்து வருகிறவர், ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் மட்டும் நடந்தார். அத்தை டி.வி.க்கு முன்னால். ஊரடங்கு தளர்ந்த பிறகும் "எதுக்கு வம்பு?" என்றே பழகிவிட்டது.

அவர்களை அசைத்தது ஒரு பத்திரிகைச் செய்தி. கொச்சியில் டீக்கடை வைத்திருந்த விஜயன்–மோகனா தம்பதியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கடை வருமானத்தில் தினம் 300 ரூபாய் எடுத்துவைத்து, கடனும் வாங்கி, உலகம் சுற்றியவர்கள். கொரோனா கொஞ்சம் அடங்கியதுமே, 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அது அவர்களுக்கு 26-வது நாடு. அடுத்த மாதமே, நவம்பர் 19-ந் தேதி, விஜயன் காலமாகிவிட்டார். மாமா அதைச் சத்தமாகப் படித்தார். அத்தை, "அந்தம்மா கூடவே போய்ட்டு வந்துட்டா. நமக்கு ரஷ்யா வேணாம், மாயவரம் போதும்" என்றார்.

உடனே கிளம்ப முடிந்ததா என்றால் இல்லை. எங்கள் குடியிருப்பில் லிப்ட் நின்றுபோன ஒருநாள், மாமா ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மூட்டுவலி என்று நினைத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, "மூட்டு நல்லாத்தான் இருக்கு, தொடைச் சதைதான் கரைஞ்சிருக்கு" என்றார். வயதானவர்களுக்கு இது சீக்கிரம் நடக்குமாம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சியில், கால் சதை மட்டும் சுமார் ஒரு கிலோ குறைந்திருந்ததாம். 2007-ல் வந்த கட்டுரை அது. இவர்கள் இருந்ததோ ஒன்றரை வருஷத்துக்கு மேல்!

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை வேளைக்கு ஐந்து தடவையில் ஆரம்பித்து, மெள்ள மெள்ளப் பத்தாக்கினோம். காலை வெயிலில் கீழே இறங்கி நடை. ராத்திரிக்கு வெறும் இட்லி என்றிருந்ததை மாற்றி, முளைகட்டின பயறோ, முட்டையோ, கெட்டிப் பருப்போ ஏதாவது ஒன்று தினம் சேர்த்தேன். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.) ஜனவரியில் மூன்றாவது தடுப்பூசியும் போட்டாயிற்று. ஒத்திகையாக ஒருநாள் பஸ்ஸில் திருப்போரூர் முருகனைப் பார்த்து வந்தார்கள். திரும்பி வந்த மாமா காலை நீவிக்கொண்டே, "இனி மாயவரம் போகலாம்" என்றார்.

மார்ச் மாதம், தாம்பரத்தில் சோழன் எக்ஸ்பிரஸ். முதல் பயணத்துக்கு மட்டும் நானும் கூடப் போனேன். 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவிகிதம், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவிகிதம் என்று இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தார்கள். முழு டிக்கெட்தான். மாமாவுக்கு அதில் வருத்தம். மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்தேன். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை நேரத்துக்குக் கொடுத்தேன். மணிக்கு ஒரு தடவை எழுப்பி இரண்டு பேரையும் நடக்கவிட்டேன். ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் தேங்கிவிடும்.

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் அத்தை பேச்சை நிறுத்திவிட்டார்.

தம்பி மனைவி வாசலிலேயே நின்றிருந்தார். அத்தை படியேறவில்லை. "என்னை மன்னிச்சிடும்மா" என்று ஆரம்பித்ததுமே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, 20 பேர்னு சொன்னாங்க. வந்தது ஏழு பேர். கட்டிப்பிடிச்சு அழ ஒரு பொம்பளை இல்லை. இப்ப அழலாம் வாங்க."

பத்து மாதம் கழித்து, அந்தக் கூடத்தில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். காலம் கடந்து துக்கம் கேட்டால் ஆறின புண்ணைக் கிளறுவதாகும் என்று நான் பயந்திருந்தேன். அங்கே புண் ஆறியே இருக்கவில்லை, மூடித்தான் இருந்தது.

சாயந்திரம் அவர் பீரோவைத் திறந்து அரக்குக் கலரில் ஒரு நூல் புடவையை எடுத்துவந்தார். 2021 பொங்கலுக்கு அக்காவுக்கு வாங்கிய சீராம். கூரியரில் அனுப்பலாம் என்றதற்கு, "எல்லாம் சரியாகட்டும், நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்" என்று தம்பி வைத்திருந்தாராம். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் திருச்சிக்குப் போக வேண்டும். அங்கே என் நாத்தனாருக்கு 2020 செப்டம்பரில் பிறந்த பெண் குழந்தையை, ஒன்றரை வயதாகியும் போனில்தான் பார்த்திருந்தோம். துக்க வீட்டிலிருந்து நேரே குழந்தை வீட்டுக்கா என்று அத்தைக்குத் தயக்கம். தம்பி மனைவியே ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்து, "குளிச்சிட்டுக் கிளம்புங்க அண்ணி" என்றார். துக்க வீட்டில் "போய்ட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது இல்லையா? அத்தை ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். அவர்தான் பின்னாலிருந்து, "அடிக்கடி வாங்க அண்ணி" என்றார்.

திருச்சியில் குழந்தை எங்களைப் பார்த்து ஓடி ஒளிந்துகொண்டது. "தாத்தா எங்கே?" என்று கேட்டால் போனைக் காட்டியது! மடிக்கு வர மூன்று நாளாயிற்று.

அதற்குப் பிறகு அவர்கள் எங்களைக் கேட்பதில்லை. ராத்திரி வண்டியென்றால் முன்பதிவில் முதியோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டைப் பார்த்துத் தாங்களே டிக்கெட் எடுத்துக்கொள்கிறார்கள். பஸ் என்றால், 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையம் எங்களுக்கு வண்டலூர் ரோடு வழியாகப் பக்கம்.

வருகிற ஆவணியில் அந்தத் தம்பி மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் முன்னதாகவே போகணுமாம். நாற்காலிப் பயிற்சியை இப்போதே இரட்டிப்பாக்கிவிட்டார் மாமா.