மேடைச் சொல்லும் செம்பனைக் குலையும்

விடியும் முன்பே செலாயாங் மொத்தச் சந்தையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளில் தலையணை போல உப்பிய பிளாஸ்டிக் பாக்கெட்டில் மானிய விலை சமையல் எண்ணெய் கிடைக்கும். ஒரு கிலோ 2 வெள்ளி 50 சென். எல்லாம் செம்பனை எண்ணெய். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் அப்பளம் பொரிவதும் பெரும்பாலும் அதே எண்ணெயில்தான். நாட்டின் செம்பனை விளைச்சலில் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. 2019-இல் மலேசியாவிடம் இதை எல்லா நாடுகளையும்விட அதிகமாக வாங்கியது இந்தியா: ஏறக்குறைய 44 லட்சம் டன்.

அதே ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அன்றைய பிரதமர் மகாதீர் முகமது பேசினார். அப்போது அவருக்கு வயது 94. காஷ்மீரைப் பற்றிச் சொல்லும்போது, அது படையெடுக்கப்பட்டு ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அக்டோபரில் மும்பையின் எண்ணெய் வணிகர் சங்கம், மலேசிய எண்ணெய் வாங்குவதைத் தவிர்க்கும்படி தன் உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொன்னது. மகாதீர் பின்வாங்கவில்லை, மனத்தில் பட்டதைச் சொன்னோம், மாற்றிக்கொள்ள மாட்டோம் என்றார். டிசம்பரில் இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் குறை சொன்னார். 2020 ஜனவரி 8-ஆம் தேதி, சுத்திகரித்த செம்பனை எண்ணெயின் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. அறிவிப்பில் மலேசியாவின் பெயர் இல்லை. யாரைக் குறித்து எழுதப்பட்டது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சில நாள்களில் அதே மகாதீர், பதிலடி கொடுக்க நாம் மிகச் சிறிய நாடு என்று சொல்ல நேர்ந்தது. இடையில் நெருக்கடியைத் தாங்கியவர்கள் யார்? குலை வெட்டி எடைபோட்டு அன்றைய விலைக்கு விற்கும் சிறுதோட்டக்காரர்களும், ஃபெல்டா நிலத்திட்டக் குடியேற்றக்காரர்களும். நியூயார்க் மேடைக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பிப்ரவரியில் மகாதீர் பதவி விலகினார். முகைதீன் யாசின் அரசு வந்ததும் பேச்சு தணிந்தது. மே மாதத்தில் மலேசியா இந்தியாவிடம் 1 லட்சம் டன் அரிசி வாங்க ஒப்பந்தம் ஆனது; இந்திய வணிகர்களும் மீண்டும் எண்ணெய் வாங்கத் தொடங்கினார்கள்.

இதோடு 2024 ஆகஸ்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரதமர் அன்வார் இப்ராகிம் டெல்லிக்குப் போனார். அங்கே நடந்த ஒரு சொற்பொழிவில், சிறுபான்மையினரையும் மத உணர்வுகளையும் தொடும் கடுமையான சிக்கல்களை இந்தியா சமாளிக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை என்றார். இந்தியா தனக்குரிய பங்கைத் தொடர்ந்து ஆற்றும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துச் சொன்னார். கவலை ஏறக்குறைய அதேதான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திச் சொல்லாமல், கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். அந்தப் பயணத்தில் இரு நாட்டு உறவு விரிவான வியூகப் பங்காளித்துவம் என்ற நிலைக்கு உயர்ந்தது; மலேசியாவுக்கு 2 லட்சம் டன் வெள்ளை அரிசி தர இந்தியா முன்வந்தது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் வேறு காரணங்களும் உண்டு, உண்மைதான். ஆனாலும் தொனி வேலை செய்யும் இடம் இதுதான். வெளியுறவு அமைச்சு கடிதத்தில் எழுதும் குறைக்குக் கடிதத்தில் பதில் வரும். தலைவர் மேடையில் சொன்னால், எதிர்த்தரப்பும் மேடையேறித்தான் ஆக வேண்டும். அங்கே எதிர்த்தரப்புத் தலைவரை அவருடைய மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விட்டுக்கொடுக்க அவருக்கு வழியில்லை.

இந்தியாவோடு வந்தது வணிகத்தோடு நின்ற மனத்தாங்கல். அண்டை வீட்டுக்காரர் பகையாளியாக நின்ற காலத்தையும் இந்த நாடு பார்த்திருக்கிறது.

1963-இல் மலேசியா உருவாகவிருந்த நேரம். இந்தோனேசிய அதிபர் சுகர்னோ அதை ஆங்கிலேயர்களின் சூழ்ச்சி என்று எதிர்த்தார். மே மாத இறுதியில் அவரும் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் தோக்கியோவில் சந்தித்துப் பேசியபோது சமாதானம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றியது. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 27-ஆம் தேதி, சுகர்னோ 'கஞாங் மலேசியா' என்று முழங்கினார். உலகப் பத்திரிகைகள் அதை 'மலேசியாவை நசுக்கு' என்று எழுதின. மலாய் தெரிந்தவர்களுக்கு அதன் வீச்சு இன்னும் அதிகம்: பச்சையாகக் கடித்துத் தின்பதைக் குறிக்கும் சொல் அது. இரு நாட்டு மக்களும் கிட்டத்தட்ட ஒரே மொழி பேசுபவர்கள். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் சூடு தணியும் என்ற ஆறுதல்கூட இல்லை. சொன்னது சொன்னபடியே வந்து தைத்தது. மூன்றே நாளில் மணிலாவில் இந்தோனேசியா, மலாயா, பிலிப்பைன்ஸ் என மூன்று நாட்டு உச்சிமாநாடு. தலைவர்கள் அங்கே கைகுலுக்கிக் கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் அந்த முழக்கம் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டது. செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. இரண்டே நாளில் ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் தீக்கிரையானது. மலேசிய-இந்தோனேசியத் தூதரக உறவும் அதற்குள் முறிந்திருந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 17, இந்தோனேசியாவின் சுதந்திர தினம். சுகர்னோ அன்று ஆற்றிய உரையில் அந்த ஆண்டுக்கு 'ஆபத்தோடு வாழும் ஆண்டு' என்று பெயர் வைத்தார். அதே நாளில் இந்தோனேசிய வீரர்கள் ஜொகூரின் பொந்தியான் கரையில் இறங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து லாபிஸ் காட்டில் பாராசூட்டில் குதித்தார்கள். 1965 மார்ச் 10-ஆம் தேதி சிங்கப்பூரின் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தார்கள். மோதல் முடிவதற்குள் இந்தோனேசியத் தரப்பில் ஏறக்குறைய 590 பேரும் காமன்வெல்த் தரப்பில் 114 பேரும் உயிரிழந்திருந்தார்கள். மலேசியாவுக்குப் பாதுகாப்பு மன்றத்தில் இடம் கிடைத்ததை ஏற்க முடியாமல், 1965 ஜனவரியில் சுகர்னோ தம் நாட்டை ஐ.நா.விலிருந்தே வெளியேற்றினார். முழக்கம் பெரிதாகப் பெரிதாக, அதை முழங்கியவர் திரும்பி நடக்க வேண்டிய பாதை சுருங்கிக்கொண்டே போனது.

முடித்துவைத்தவர்கள் மெல்லப் பேசியவர்கள். ஜகார்த்தாவில் அதிகாரம் சுகார்த்தோவின் கைக்கு மாறிய பிறகு, பாங்காக்கில் விமான நிறுவன ஊழியர் போர்வையில் இருந்த ஓர் இந்தோனேசிய அதிகாரி வழியாகத் தூது நடந்தது. அவர் பெயர் பென்னி முர்டானி. பின்னாளில் இந்தோனேசிய ஆயுதப் படைகளின் தளபதியானவர். 1966 மே மாத இறுதியில் இந்தோனேசிய ராணுவ அதிகாரிகள் குழு கோலாலம்பூரில் வந்திறங்கியது. அப்போது மோதல் அதிகாரபூர்வமாக முடிந்திருக்கவில்லை. மலேசியத் தரப்பில் துன் ரசாக்கும் இந்தோனேசியத் தரப்பில் ஆடம் மாலிக்கும் பாங்காக்கில் பேசினார்கள். ஆகஸ்ட் 11-இல் ஜகார்த்தாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஓராண்டு கழித்து அதே இருவரோடு தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர்களும் பாங் சேன் கடற்கரையில் கூடினார்கள். சிங்கப்பூரின் சார்பில் வந்தவர் எஸ். இராஜரத்தினம், யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர். கோட்டும் டையும் கழற்றிவைத்துவிட்டு, கோல்ஃப் திடலிலும் சாப்பாட்டு மேசையிலுமாகப் பேசினார்கள். அரைக்கைச் சட்டை ராஜதந்திரம் என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் நின்றுவிட்டது. 1967 ஆகஸ்ட் 8-இல் ஆசியான் பிறந்தது.

எல்லாக் காயமும் அதோடு ஆறிவிடவில்லை. மெக்டொனால்டு ஹவுஸில் குண்டு வைத்த இரு இந்தோனேசியக் கடற்படை வீரர்களைச் சிங்கப்பூர் 1968-இல் தூக்கிலிட்டது. ஜகார்த்தா கொதித்தது, அங்கிருந்த சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. ஐந்தாண்டுகள் உறவு குளிர்ந்தே கிடந்தது. 1973-இல் பிரதமர் லீ குவான் யூ ஜகார்த்தா போனார். கலிபாத்தா வீரர் கல்லறைத் தோட்டத்தில் அந்த இருவரின் சமாதிகளிலும் தம் கையால் மலர் தூவினார். தண்டனை சரிதான் என்ற நிலையைச் சிங்கப்பூர் கைவிடவில்லை. ஆனாலும் ஒரு பிடி பூ, அடுத்து வந்த பேச்சுகளுக்கெல்லாம் வாசல் திறந்தது.

மென்மை என்றால் எப்போதும் நல்லதுதான் என்று நினைத்துவிடவும் கூடாது. 2025 ஜூனில் தாய்லாந்துப் பிரதமர் பேத்தோங்தார்ன் ஷினவத்ரா, எல்லைத் தகராறு பற்றிக் கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு தொலைபேசியில் பேசினார். அவரை 'அங்கிள்' என்று அழைத்தார். நம்மூரில் வயதில் பெரியவர்களை யாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அதே உரையாடலில் தம் நாட்டு ராணுவத் தளபதி ஒருவரை எதிரணிக்காரர் என்றும் சொல்லிவிட்டார். பதிவு வெளியே கசிந்தது. எதிரியிடம் பணிவு, சொந்தப் படையிடம் கடுமை என்று தாய்லாந்து மக்கள் அதைக் கேட்டார்கள். ஆகஸ்ட் 29-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

அதற்குள் ஜூலை 24-இல் எல்லையில் பீரங்கிகள் வெடித்துவிட்டன. ஐந்து நாளில் சுமார் 3 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். ஆசியான் தலைமை அப்போது மலேசியாவிடம் இருந்தது. அன்வார் இரு தரப்போடும் பேசினார். அமெரிக்காவும் வரி ஆயுதத்தைக் காட்டி நெருக்கியது. ஜூலை 28-இல் இரு நாட்டுத் தலைவர்களும் புத்ராஜெயாவுக்கு வந்தார்கள். அன்வார் நடுவில் நின்று இருவரின் கைகளையும் பற்றிக்கொண்ட படம் உலகம் முழுக்கப் போனது. யார் முதலில் சுட்டது என்று மலேசியா தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருவரில் ஒருவர் வந்தே இருக்க மாட்டார். அக்டோபரில் கோலாலம்பூரில் ஓர் உடன்படிக்கையும் கையெழுத்தானது.

டிசம்பரில் மீண்டும் சண்டை மூண்டது. ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் 22-ஆம் தேதி திரும்பவும் கோலாலம்பூரில் கூடினார்கள். தாய்லாந்தும் கம்போடியாவும் ஆள் அனுப்பின. ஐந்து நாள் கழித்து இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் எல்லையில் சந்தித்து, புதிதாக ஒரு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார்கள்.