திருத்தமும் திருத்தக் குறிப்பும்



ஒரு செயலைச் செய்வது ஒரு கலை. செய்த செயலைப் பின்வருவோர் அறியுமாறு குறித்து வைப்பது மற்றொரு கலை. முன்னதற்கு நாம் அளிக்கும் பெருமையைப் பின்னதற்கு அளிப்பதில்லை. கணிப்பொறிக்குரிய மென்பொருளைப் பலர் கூடி ஆக்கும் இந்நாளில் இவ்விரண்டாவது கலையின் அருமை நன்கு புலனாகிறது. அங்கே ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒரு குறிப்பு எழுதப்பெறுகிறது. அக்குறிப்புகள் யாவும் ஒரே நெறியில் அமைதல் வேண்டும். அந்நெறி யாது, அதனை நிலைநிறுத்துவது எங்ஙனம், அதன் எல்லை எதுவரை என்பனவற்றை இன்று காண்போம்.

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே கற்பிக்கும் முறை. ஆதலின் எங்கள் அரக்கோணத்து இருப்புப் பாதையிலிருந்து தொடங்குகிறேன். 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இரயில் ஓடிற்று. அப்பாதையில் அமைந்த ஊர் அரக்கோணம். சென்னைப் பாதையும், காட்பாடிப் பாதையும், திருத்தணி வழியாக ரேணிகுண்டா செல்லும் பாதையும், காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டு செல்லும் பாதையும் கூடும் பெருஞ்சந்திப்பாக அது இன்று விளங்குகிறது.

இத்தகைய பாதைகளில் வண்டிகள் மோதாமல் ஓடுவதற்குக் கைகாட்டிகள் மட்டும் காரணம் அல்ல. ஸ்டேஷன் மாஸ்டரின் பதிவேடும் ஒரு காரணம். எந்த வண்டி, எந்நேரத்தில், யாரிடம் லைன் கிளியர் பெற்றது என்பது வகுக்கப்பட்ட கட்டங்களில், வகுக்கப்பட்ட முறையில் எழுதப்படும். லெவல் கிராஸிங் கேட்டை மூடியவர் ‘மூடிவிட்டேன்’ என்று தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது. தம்மிடமுள்ள தாளிலிருந்து ஒரு தனி எண்ணையும் சொல்ல வேண்டும். அவ்வெண் பதிவாகும். தவறாக எழுதியதை அழித்தல் கூடாது. படிக்கும்படியாக ஒரு கோடிட்டு, சரியானதை அருகே எழுத வேண்டும். இரவுப் பணியாளர் சென்று பகற்பணியாளர் வரும்போது, முன்னவர் நினைவில் இருந்தது பின்னவர்க்கு உதவாது. ஏட்டில் இருப்பதே உதவும்.

மென்பொருட் பணியும் இவ்வாறு ஆள் மாறி ஆள் செய்வதே. ஒரு மென்பொருளில் செய்த மாற்றத்தை அதன் வரலாற்றில் நிலையாகப் பதிவதைக் ‘கமிட்’ என்பர். இவ்வகைப் பதிவுக்கு இன்று பெரிதும் பயன்படும் கருவி ‘கிட்’ என்பது. லினக்ஸ் இயங்குதளத்தை 1991-இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்பாரே இதனையும் 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆக்கினார். எந்த வரி மாறியது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பவற்றை அக்கருவி தானே அறியும். ஏன் மாற்றினார் என்பதை மட்டும் அது அறியாது. அதனை மனிதரே எழுதித் தர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். பள்ளி மதிப்பெண்களைக் கணக்கிடும் மென்பொருள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தேர்ச்சிக்குரிய மதிப்பெண் 35. நிரலை எழுதியவர் ‘35-க்கு மேல்’ என்று எழுதிவிட்டார்; சரியாக 35 பெற்ற மாணவர் தோல்வியுற்றதாகக் காட்டப்பட்டார். பின்னர் ஒருவர் அதனைக் கண்டு, ‘35 அல்லது அதற்கு மேல்’ என மாற்றினார். மாற்றம் ஒரே குறியீடுதான். ஆயினும் அவர் எழுதிய குறிப்பு ‘சில திருத்தங்கள்’ என்றிருந்தால் யாருக்கு என்ன பயன்? ஈராண்டு கழித்து நிரலைச் சீர்படுத்த வருபவர் அக்குறியீடு தேவையற்றது என நினைத்து நீக்கவும் கூடும். அன்று மீண்டும் ஒரு பிள்ளை, தேறியும் தேறாதவனாய் வீடு திரும்புவான்.

அதே குறிப்பு இவ்வாறு அமைந்தால் எப்படி? முதல் வரி: ‘தேர்வு முடிவு: 35 பெற்றவரையும் தேறியவராகக் கொள்க.’ அடுத்து ஒரு வெற்று வரி. அதன்பின் விளக்கம்: ‘35-க்கு மேல் என்று ஒப்பிட்டமையால் சரியாக 35 பெற்றவர் விடுபட்டனர். விதிப்படி 35 தேர்ச்சியே.’ இதனைப் படித்தவர் அக்குறியீட்டில் கைவைக்கத் துணியார். லினக்ஸ் குழுவினர் கைக்கொள்ளும் முறையும் இதுவே. எப்பகுதி என்பது முதலில். என்ன மாற்றம் என்பது சுருக்கமாக, ஏவல் நடையில், அதன்பின். காரணம் தனிப் பத்தியில். நம் இலக்கணம் கூறும் வியங்கோளின் ‘கொள்க’, ‘நீக்குக’, ‘சேர்க்க’ என்னும் வடிவங்கள் இதற்கு மிகப் பொருந்தும் அன்றோ?

ஒரே வடிவம் எதற்கு என்று சிலர் வினவலாம். பிழையொன்று ஆயிரம் திருத்தங்களுள் எங்கோ புகுந்துவிட்டது எனக் கொள்வோம். நடுவில் ஒன்றைச் சோதித்துப் பாதியைத் தள்ளி, எஞ்சியதில் மீண்டும் பாதியைத் தள்ளினால், ஏறத்தாழ பத்தே சோதனைகளில் குற்றமுள்ள திருத்தம் அகப்படும். கிட் கருவி இத்தேடலுக்கு வழி வைத்திருக்கிறது. தேடிக் கண்ட இடத்தில் இருப்பது ஒரு குறிப்பு. அது பேசினால் வேலை முடியும். ஊமையாயின் மீண்டும் தொடங்கும்.

லினக்ஸில் மற்றொரு வழக்கமும் உண்டு. முந்தைய திருத்தமொன்றின் பிழையைப் போக்கும்போது, ‘ஃபிக்ஸஸ்’ என்ற சொல்லோடு அப்பழைய திருத்தத்தின் அடையாள எண்ணைக் குறிப்பின் இறுதியில் தருவர். பழைய பதிப்புகளைப் பேணுவோர் அவ்வரியைக் கொண்டு, எப்பதிப்புக்கு எத்திருத்தம் வேண்டும் என்று தெரிந்துகொள்கின்றனர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் லினக்ஸே. அவ்வொரு வரி விடுபட்டால், பாதுகாப்புக் குறையொன்று பழைய பதிப்பில் அடைபடாமல் நின்றுவிடக்கூடும்.

இனி, நெறியை நிலைநிறுத்தும் வழி. அறிவுரை மட்டும் போதுமாயின் இரயில்வேக்குக் கருவிகள் வேண்டியதில்லை. ஒற்றைப் பாதையில் பல்லாண்டுகள் பயன்பட்ட டோக்கன் கருவியில், அடுத்த நிலையத்தார் இசைவு தந்தாலன்றி டோக்கன் வெளிவராது. டோக்கன் இல்லையேல் வண்டி நகராது. கிட் கருவியிலும் இத்தகைய ‘ஹுக்’ உண்டு. குறிப்பு எழுதப்பட்டவுடன் ஒரு சிறு நிரல் அதனைப் படித்துப் பார்க்கும். வடிவம் பிழைபடின் பதிவை மறுக்கும். ஆனால் இதனை எழுதுபவரே தம் கணிப்பொறியில் தவிர்க்க இயலும். பிறர் மென்பொருளைப் படியெடுக்கும்போது அந்நிரல் உடன் செல்வதும் இல்லை. ஆதலால் அனைவர் வேலையும் வந்து கூடும் பொதுக் கணிப்பொறியிலும் அதே சோதனையை வைப்பதே முறை.

காவலும் நியாயமாக இருத்தல் வேண்டும். முதல் வரி 50 எழுத்துகளுக்குள் அடங்குவது நன்று என்பது பலர் கொள்ளும் வழக்கம். ‘கொடி’ என்பது தமிழ் இலக்கணப்படி இரண்டு எழுத்து. யூனிகோடு முறையிலோ அது நான்கு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் பன்னிரண்டு பைட்டுகள். பைட்டுகளை எண்ணி 50-இல் நிறுத்தும் காவலன், தமிழில் எழுதுபவரை இரண்டு மூன்று சொற்களுக்குள் வாயடைத்துவிடுவான். விதி வகுப்போர் எதனை எண்ணுகிறோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. காவல் நிரல் வடிவத்தைக் காணும், வாய்மையைக் காணாது. ‘தேர்வு முடிவு: பிழை நீக்குக’ என்ற வரி எல்லா விதிகளுக்கும் உட்பட்டும் ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம். ஆகவே ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து, ‘காரணம் விளங்கவில்லையே’ என்று கேட்கும் வழக்கமும் குழுவில் வேண்டும். விதியைப் பொறி காக்கட்டும். பொருளை மனிதர் காக்க வேண்டும்.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை நிரல் எழுதுவீர்கள். ஒவ்வொரு திருத்தத்தின் முடிவிலும், ‘நான் இங்கில்லாத நாளில் இதனைப் படிப்பவர்க்கு இது போதுமா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். போதும் என்று மனம் சொன்ன பின்பே பதிவு செய்யுங்கள்.