தாடையென்பும் சத்திரவைத்தியர் தீர்மானமும்

வயல் சூழ்ந்த எம் நாவிதன்வெளியிலும், கல்முனைக் கரையோர ஊர்களிலும் வந்தாரை வரவேற்பது வெற்றிலைத் தட்டமே. அத்தட்டத்திலுள்ள புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோயை விளைப்பதென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. வாய்ப்புற்று கண்ட முதியோர் சிலர், “தாடையை எடுத்துவிடுவார்கள்” என்றஞ்சிச் சத்திரசிகிச்சைக்கு உடன்படாதிருத்தலை யான் அயலிற் கண்டுள்ளேன். அவ்வச்சம் தக்கதுதானா என ஆராய்வோம்.

முன்னாளில் அது தக்கதே. நாவின் நிணநீர்க் கலன்கள் தாடையென்பைப் போர்த்த உறையினூடு செல்வனவென்று வைத்தியர் கருதினர். ஆதலின் நோய் பற்றாத என்பையும் அகற்றினர். 1971இல் மார்ச்செற்றா முதலியோர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுத்தது. கட்டி என்பை நெருங்கித் தொட்ட பின்னரே அதனுட் புகுகின்றது என்பது தெளிவாயிற்று. அன்றுமுதல், என்பு தீண்டப்பட்டதா, எவ்வளவு ஆழம் என்பனவே வினாக்களாயின.

இவற்றுக்கு விடை காண்பது எங்ஙனம்? வைத்தியர் முதலில் விரலால் தொட்டு, கட்டி என்பின்மேல் அசைகின்றதா, ஒட்டி நிற்கின்றதா என நோக்குவர். கீழுதடு மரத்துப்போதல், என்பினூடு செல்லும் நரம்பை நோய் எட்டியிருக்கக்கூடும் என்பதற்கு அறிகுறி. அடுத்தது எக்சுக்கதிர்ப் படம். என்பின் கனியுப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்த பின்னரே அதில் அழிவு புலப்படும்; ஆகவே தெளிவான படம் நோயின்மைக்குச் சான்றாகாது. சி.ரி. படம் என்பின் புறவோட்டின் அரிப்பையும், எம்.ஆர்.ஐ. படம் உள்ளிருக்கும் மச்சையில் நோய் பரவியதையும் காட்டும். எனினும் பின்னையது, வெறும் அழற்சியையும் நோயெனக் காட்டுவதுண்டு. ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பி, சத்திரசிகிச்சையின்போது என்புறையை உயர்த்திக் கண்ணாலும் பார்த்தே வைத்தியர் முடிவு செய்வர்.

நோய் உறையளவில் நின்றாலும், மேற்புறத்தைச் சிறிதே அரித்திருந்தாலும், என்பின் மேல்விளிம்பை மட்டும் அகற்றிக் கீழ்விளிம்பை ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உயரத்துக்கு விட்டுவைக்கலாம். முகவடிவு கெடாது. மச்சையுட் புகுந்திருப்பின் அத்துண்டு முழுவதும் அகற்றப்படல் வேண்டும். அந்நிலையிலும், 1989இல் ஹிடால்கோ வெளியிட்ட முறைப்படி, காலின் சிற்றென்பைக் குருதிக் கலன்களோடு எடுத்துத் தாடையாகப் பொருத்தலாம். பல்லிழந்த முதியோரின் தாடையோ முன்னரே மெலிந்திருத்தலின், கீழ்விளிம்பைக் காத்தல் அரிது. அவர்க்கே விரைவு மிக வேண்டும்.

மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணையும், வெண்மையாகவோ செம்மையாகவோ தோன்றும் படலத்தையும் உடனே பல்வைத்தியரிடம் காட்டுக. தாடை நிலைப்பதும் நீங்குவதும் பெரும்பாலும் நாம் வைத்தியசாலைப் படியேறும் நாளைப் பொறுத்தனவே.