உங்களுக்குத் தெரியுமா? ‘நாளைப் போவேன்’ ஒரு நாயனாரின் பெயர்!

‘நாளைப் போவேன்’ என்று யாராவது சொன்னால் நம் காதில் அது சாக்காகத்தான் விழும். தில்லை எனப்படும் சிதம்பரத்தில் அதுவே ஓர் அடியாரின் பெயர். ஆதனூர் நந்தனாருக்குத் தில்லைக் கூத்தனைக் காணத் தீராத ஆசை; பிறந்த குலத்தைச் சொல்லித் தீண்டாமை வழிமறித்தது. தயங்கித் தயங்கி ‘நாளைப் போவேன்’ என்றே நாள்களைக் கழித்ததால் ‘திருநாளைப்போவார்’ ஆனார் என்கிறது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். பக்தியின் ஏக்கம் மட்டுமல்ல, ஊர் இழைத்த அநீதியும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நந்தனார் கதையைச் சொல்வது பாதிக் கதைதான்.

இதே தில்லையைச் சைவர்கள் வெறுமனே ‘கோயில்’ என்பார்கள். வைணவர்களுக்கு ‘கோயில்’ என்றால் திருவரங்கம்.

‘சிதம்பர ரகசியம்’? சன்னதியில் அது திரைக்குப் பின்னுள்ள உருவமற்ற வெளியும் பொன் வில்வ மாலையும். அன்றாடப் பேச்சிலோ வெளியே வராத எந்தச் செய்தியும் சிதம்பர ரகசியம்தான்.