மூன்றாம் நாள் வரும் ஆபத்து



பல ஆண்டுகளாகத் தினமும் குடித்து வந்தவர் ஒருநாள் திடீரென்று நிறுத்திவிடுகிறார். வீட்டார் மகிழ்கிறார்கள். மறுநாள் கை நடுங்குகிறது. சிலருக்கு வலிப்பும் வருகிறது. மூன்றாம் நாள், சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூச்சலிடுகிறார். மனைவி மக்களையே அடையாளம் தெரியவில்லை. "பேய் பிடித்துவிட்டது" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார்.

இது பேயல்ல, மூளையின் கோளாறு. மூளையில் காபா என்னும் இரசாயனம் நரம்புகளை அமைதிப்படுத்துகிறது; குளூட்டமேட் அவற்றைத் தூண்டுகிறது. மது முன்னதை வலுப்படுத்தி, பின்னதை அடக்குகிறது. நாள்தோறும் மதுவைச் சந்திக்கும் மூளை, அதை ஈடுகட்டத் தன் தூண்டுதலைப் பெருக்கிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் அந்தத் தூண்டுதல் கடிவாளமற்ற குதிரையாகிறது. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் நடத்தப்பட்டு 1955-இல் வெளியான ஆய்வு, இந்த வலிப்புக்கும் பிதற்றலுக்கும் காரணம் மதுவைத் திடீரென நிறுத்துவதே என்று காட்டியது.

இந்நிலை உயிரையே பறிக்கலாம். ஆனால் மருத்துவமனையில் டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்தால் மூளை அமைதியடையும். தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் அவசியம். அச்சத்துக் குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம்.

குடியை விட்டவர் மறுபடி குடிப்பது மனவுறுதி இல்லாமையால் மட்டுமல்ல. இந்த நடுக்கத்தைத் தாங்கமாட்டாமலும்தான். ஆகவே உங்கள் சபையில் ஒருவர் குடியை விட முன்வந்தால், பாராட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். நிறுத்துவதற்கு முன்பே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.