பிராங்ளினின் இரு பத்திக் கணக்கு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே போதகராய் இருந்தவர் யோசேப்பு பிரீஸ்ற்லி. ஆண்டுக்கு 100 கினி வேதனமும் குடியிருக்க ஒரு வீடும் பெற்றுக் குடும்பத்தைக் காத்துவந்தார். இவரை ஷெல்பேண் பிரபு தமது நூலகராக அழைத்தார். பிரபு தர இசைந்தவை 250 பவுண் வேதனமும் வீடும். இத்தொடர்பு பின்னர் அறுபடினும் ஆயுள்வரை ஆண்டுதோறும் 150 பவுண். பழகிய ஊரையும் சபையையும் விட்டு ஒருவர் தயவை நம்பிச் செல்வதா? தடுமாறிய பிரீஸ்ற்லி, அப்போது இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க நண்பர் பென்சமின் பிராங்ளினிடம் யோசனை கேட்டார்.

1772ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி பிராங்ளின் எழுதிய மறுமொழியிலே போவென்றும் இல்லை, நில்லென்றும் இல்லை. விவரம் முற்றும் அறியாமையால் எதை முடிவு செய்வதென்று கூறாது, எப்படி முடிவு செய்வதென்பதையே அவர் கூறினார். தாளொன்றின் நடுவே கோடிட்டு, ஒருபுறம் சாதகங்களையும் மறுபுறம் பாதகங்களையும் மூன்று நான்கு நாட்கள் தோன்றத் தோன்ற எழுதவேண்டும். காரணங்கள் யாவும் ஒருங்கே மனத்தில் நிற்பதில்லை. ஒன்று வர மற்றொன்று மறைகின்றது. தடுமாற்றத்தின் மூலம் இதுவே என்று அவர் கண்டார். பின்னர் எடை பார்த்து, இருபுறமும் சமமானவற்றை அடித்துவிட வேண்டும். ஒரு சாதகம் இரண்டு பாதகங்களுக்கு ஈடாயின் மூன்றையும் அடிக்கலாம். எஞ்சுவது எப்பக்கமோ, மேலும் ஓரிரு நாள் சிந்தித்தபின் அப்பக்கமே முடிவு.

எடையை எப்படி இடுவது? இங்கேதான் சங்கடம். ஈராக்கிலே பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தோமஸ் சாட்டி, 1970களில் இதற்கொரு வழி வகுத்தார். எல்லாவற்றையும் ஒருமிக்க நிறுக்காமல், இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்று மற்றதனிலும் எவ்வளவு முக்கியமென 1 முதல் 9 வரை எண்ணிடுவது அவர் முறை. ஒப்பீடுகள் தம்முள் முரணுகின்றனவா என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆயினும் எம் மாணவர்கள் பாடநெறி தெரிவுசெய்ய இத்தகைய அட்டவணை வரைவார்களாயின் ஒன்றைக் கவனித்தல் நன்று. கட்டவே முடியாத கட்டணத்தை நல்ல ஆசிரியரும் அருகிலுள்ள விடுதியும் ஈடுசெய்யமாட்டா. கூட்டுத்தொகையோ அதனை மறைத்துவிடும். அத்தகைய நெறியை அட்டவணைக்கு முன்னரே நீக்கிவிட வேண்டும்.

பிரீஸ்ற்லி 1773இல் பிரபுவிடம் சென்றார். மறு ஆண்டு, பிரபுவின் மாளிகை ஆய்வுகூடத்திலே, பின்னாளில் ஒட்சிசன் எனப் பெயர்பெற்ற வாயுவைப் பிரித்தெடுத்தார். 1780இல் இருவரும் பிரிந்தனர். அந்த 150 பவுண் பேசியபடியே கிடைத்தது.